எந்தப் பண்பைக் கொண்டு பிரிப்பது?
வாசகர் கேள்வி – பதில்

செடிகொடிகளையும் விலங்குகளையும் வகைப்படுத்தக் குழந்தைகளுக்குக் கற்றுத்தருவது பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் எழுதியிருந்த கடிதங்களிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுத்து இந்த இதழில் பதில் அளித்திருக்கிறேன்.

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். பாலூட்டி, பறவை, ஊர்வன, இருவாழ்வி, மீன் என்று ஐந்து பிரிவுகளையும் எடுத்துக்காட்டுகளுடன் தடங்கலின்றி ஒப்பிக்கிறான். சுவரில் ஓடிய பல்லியைக் காட்டி, 'இது எதில் சேரும்?' என்று கேட்டால், 'அது புத்தகத்தில் இல்லையே, அம்மா' என்கிறான். வீட்டில் நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? (ஒரு தாய், கும்பகோணம்)

பதில்: தங்கள் மகனிடம் குறை ஏதும் இல்லை, அம்மா. பிறர் பிரித்து முடித்த பட்டியல்தான் அவன் கைக்கு வந்திருக்கிறது. அவர்கள் எதைப் பார்த்துப் பிரித்தார்கள் என்பது வரவில்லை. வகைப்படுத்துதல் என்பது அடிப்படையில் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் வேலை. எந்தப் பண்பைக் கொண்டு பிரிப்பது என்ற அந்தக் கேள்வியைக் குழந்தை தானே ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டால், புத்தகத்தில் இல்லாத பல்லிக்கும் அவனே இடம் கண்டுபிடிப்பான். செதில் மூடிய உலர்ந்த தோல், படச்சட்டத்தின் பின்னால் கிடக்கும் ஓடு மூடிய சின்னஞ்சிறு வெள்ளை முட்டைகள், பிறந்த நாள் முதல் நுரையீரலால் மூச்சு: இந்த மூன்றையும் அவன் பார்த்தோ கேட்டோ அறிந்தால் போதும். ஈரத்தோலும், நீரில் கூழ்போல் மிதக்கும் ஓடில்லாத முட்டைகளும் உடைய தவளையோடு பல்லியைச் சேர்க்க முடியாது என்பது அவனுக்கே விளங்கிவிடும்.

பயிற்சியை விலங்குகளிலிருந்து தொடங்குவதைவிடச் சமையலறையிலிருந்து தொடங்குவதையே நான் விரும்புகிறேன். விலங்கு ஓடிவிடும், காய்கறி ஓடாது, அறுத்தும் பார்க்கலாம். சந்தையிலிருந்து வந்த பையைத் தரையில் கொட்டி, அவரை, வெண்டை, கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, இஞ்சி, கீரை, பச்சை மிளகாய் எல்லாவற்றையும் அவன் விருப்பப்படி கூறு கட்டச் சொல்லுங்கள். 'எனக்குப் பிடித்தது, பிடிக்காதது' என்று பிரித்தாலும், நிறத்தை வைத்துப் பிரித்தாலும் தடுக்க வேண்டாம். பிரித்து முடித்த பிறகு, 'இதே விதியைத் தங்கையிடம் சொன்னால் அவளும் இதே கூறுகளைக் கட்டுவாளா?' என்று மட்டும் கேளுங்கள். பிடித்தது, பிடிக்காதது என்ற விதி ஆளுக்கு ஆள் மாறும். நிறத்தை வைத்த விதி தக்காளி பழுத்ததும் மாறிவிடும். யார் பார்த்தாலும் ஒரே விடை தரும் பண்பு எது என்று அவன் தேடத் தொடங்குவான். 'அறுத்தால் உள்ளே விதை இருக்கிறதா?' என்ற கேள்விக்கு அநேகமாகத் தானாகவே வந்து சேர்வான்.

அந்தக் கேள்வி அவரை, வெண்டை, கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றை ஒரு பக்கம் ஒதுக்கிவிடும். தாவரவியல் நோக்கில் அவை அனைத்தும் கனிகள். மீதமுள்ளவற்றில் உருளைக்கிழங்கையும் சர்க்கரைவள்ளியையும் அவன் ஒன்றாக வைப்பான். இரண்டும் மண்ணுக்குள் விளைபவை என்பான். அப்போது விடையைச் சொல்லிவிடாமல், உருளைக்கிழங்கைச் சில நாள் மூலையில் போட்டுவையுங்கள். அதன் குழிகள் ஒவ்வொன்றிலிருந்தும் முளை வரும். அந்தக் குழிகள் கிழங்கைச் சுற்றி ஓர் ஒழுங்கில் அமைந்த மொட்டுகள். அப்படி மொட்டுகளை ஒழுங்காகத் தாங்குவது தண்டின் இயல்பு. இஞ்சியிலும் கணுக்களைக் காணலாம். ஆகவே அவை இரண்டும் நிலத்தடித் தண்டுகள். சர்க்கரைவள்ளியோ பருத்த வேர். மண்ணுக்குள் இருப்பது வேர், மண்ணுக்கு மேல் இருப்பது தண்டு என்ற எளிய விதி அங்கே உடைகிறது. இந்த உடைப்பைக் குழந்தை தன் கண்ணால் பார்ப்பதுதான் பாடத்தின் உயிர்.

ஒன்பது, பத்து வயதில் அடுத்த படிக்குப் போகலாம். மா, வேம்பு, முருங்கை, செம்பருத்தி, வாழை ஆகிய ஐந்தின் இலைகளைக் கொண்டுவரச் சொல்லி, 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டுமே விடை வரும் கேள்விகளால் ஒவ்வொன்றையும் தனிமைப்படுத்தச் சொல்லுங்கள். இலை பல சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கிறதா? ஆம் எனில், சிற்றிலையின் விளிம்பில் பற்கள் உண்டா? உண்டெனில் வேம்பு, இல்லையெனில் முருங்கை. சிற்றிலைகள் இல்லாத மூன்றில், நடு நரம்பிலிருந்து கிளம்பும் நரம்புகள் பின்னிக்கொள்ளாமல் ஒன்றுக்கொன்று இணையாக விளிம்புவரை ஓடுகின்றனவா? ஓடினால் வாழை. எஞ்சிய இரண்டில் விளிம்பில் பற்கள் உள்ளது செம்பருத்தி, பற்கள் இல்லாதது மா. நான்கே கேள்விகள் ஐந்து இலைகளையும் பிரித்துவிட்டன. மேல்வகுப்பில் இருகிளைத் திறவுகோல் என்று படிக்கப்போவது இதுதான். அவன் எழுதிய கேள்வித்தாளை அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து, வேறோர் இலையைக் கையில் தந்து, சரியான பெயருக்கு வந்து சேர்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கேள்வியைத் திருத்த வேண்டும் என்பது அவனுக்குப் புரியும். முருங்கையில் மட்டும் எச்சரிக்கை தேவை. அதன் ஒரு முழு இலை என்பது மூன்று தடவை வரை கிளைத்துப் பிரியும் பெரிய அமைப்பு; குழந்தைகள் ஒரு சிற்றிலையைக் கிள்ளிக்கொண்டு வந்து அதையே இலை என்பார்கள்.

கேள்வி: கடலோரப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். மாணவர்களில் பெரும்பாலோர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். ஓங்கிலும் (டால்பின்) ஆவுளியாவும் (கடற்பசு) மீன்கள் அல்ல என்று சொன்னால் ஏற்க மறுக்கிறார்கள். அவர்கள் வீட்டு அறிவைக் குறைத்துப் பேசாமல் எப்படி விளக்குவது? (ஓர் ஆசிரியர், இராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: குறைத்துப் பேசக் கூடாது என்ற தங்கள் எண்ணமே சரியான தொடக்கம். வலையில் என்ன சிக்கும், எந்த ஆழத்தில் எது நடமாடும், எது உணவாகும் என்று பிரித்து வைத்திருப்பதும் வகைப்பாடுதான். அந்தப் பிரிப்பு தொழிலுக்கு உதவுகிறது. உறவைக் காட்டும் பிரிப்பு வேறு நோக்கத்துக்கானது என்று மட்டும் சொன்னால் போதும்.

பின்னர் அந்தப் பிள்ளைகளிடமே சாட்சியம் கேளுங்கள். அவர்கள் பார்த்த அளவுக்கு நாம் பார்த்ததில்லை. ஓங்கில் ஏன் அடிக்கடி மேலே வருகிறது? மேலே வரும்போது கேட்கும் சத்தம் என்ன? சீலா மீனின் வால் எந்த வாட்டத்தில் நிற்கிறது, ஓங்கிலின் வால் எந்த வாட்டத்தில் கிடக்கிறது? மீனின் வால் செங்குத்தாக நின்று இடவலமாக அசையும். ஓங்கிலின் வால் கிடையாக விரிந்து மேலும் கீழுமாக அடிக்கும். தரையில் நான்கு கால்களால் ஓடும் விலங்கின் முதுகெலும்பு வளைவதும் அதே மேல்கீழ் வாட்டத்தில்தான். நிலத்தில் வாழ்ந்த பாலூட்டிகளின் வழிவந்தவை அவை என்பதற்கு அந்த உடலே சான்று. ஆவுளியாவின் முன் துடுப்புக்கு அருகில், அக்குள் போன்ற இடத்தில் பால்காம்பு இருக்கும். குட்டிக்குப் பாலூட்டும், கடற்புல்லை மேயும். இதே சோதனையைத் திமிங்கிலச் சுறாவுக்கு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உடல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் வால் நிற்பது செங்குத்தாக, மூச்சு செவுளால். அது மீன்தான் என்ற முடிவுக்கு மாணவர்களே வருவார்கள்.

இன்னொன்றையும் அவர்களிடம் சொல்லுங்கள். ஓங்கில் காற்றைச் சுவாசிப்பதையும் குட்டிக்குப் பாலூட்டுவதையும் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே குறித்துவைத்தார். அப்படியிருந்தும், இன்றைய பெயரிடும் முறைக்கு அடித்தளமிட்ட சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், 1735ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலின் முதற்பதிப்பில் திமிங்கிலங்களை மீன்களோடுதான் வைத்திருந்தார். 1758இல் வந்த பத்தாம் பதிப்பில்தான் அவற்றைப் பாலூட்டிகளோடு சேர்த்தார். அதே பதிப்பில் வௌவாலைக் குரங்கினங்களோடு வைத்தார். பின்வந்தோர் அதையும் மாற்றினார்கள். உலகம் போற்றும் அறிஞருக்கே இவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்டால், தங்கள் மாணவர்கள் தங்கள் சந்தேகத்தைப் பற்றி வெட்கப்பட மாட்டார்கள்.

பாக் விரிகுடாவில் ஆவுளியாவைக் காக்க 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022இல் காப்பகமாக அறிவித்தது. மேய்ச்சல் விலங்கு என்று அதை அறிந்த பிள்ளைக்கு, கடற்புல் வெளி அழிந்தால் அதுவும் அழியும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: சிலந்தி பூச்சிதானே? பூரானும் மரவட்டையும்? (ஆறாம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்)

பதில்: கால்களை எண்ணிப் பார். ஆறு கால்களும், தலை, மார்பு, வயிறு என்ற மூன்று பகுதிகளும் இருந்தால் பூச்சி. சிலந்திக்கு எட்டுக் கால்கள். தேளும் உண்ணியும் அதன் உறவினர்கள். பூரானுக்கு உடலின் ஒவ்வொரு கண்டத்துக்கும் (வளையம் போன்ற துண்டுக்கும்) ஓர் இணைக் கால்கள், மரவட்டைக்குப் பெரும்பாலான கண்டங்களில் இரண்டு இணைக் கால்கள். பூரான் கடிக்கும் என்பதால் அதை எட்டி நின்று பார். மரவட்டையைக் கண்ணாடிக் குவளையில் விட்டுப் பக்கவாட்டில் பார்த்தால் இரட்டை இணைகள் நன்றாகத் தெரியும். பூச்சி, சிலந்தி, பூரான், நண்டு எல்லாவற்றுக்கும் கணுக்கள் உள்ள கால்களும் வெளிக்கூடும் இருப்பதால் அவை அனைத்தும் கணுக்காலிகள் என்ற பெரிய பிரிவில் அடங்கும். கணுக்காலிகள் எல்லாமே விலங்குகள்தாம். நான்கு கால்களும் உரோமமும் இருந்தால்தான் விலங்கு என்று பலர் நினைக்கிறார்கள்; எறும்பும் விலங்கு, நாமும் விலங்கு.

கேள்வி: வெளியில் வைரம் பாய்ந்தவை புல் என்றும், உள்ளே வைரம் பாய்ந்தவை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. தென்னையும் பனையும் அதன்படி புல்லினம். இதை இன்றைய அறிவியலோடு இணைத்துப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லலாமா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை)

பதில்: தாராளமாகச் சொல்லலாம், ஐயா, சொல்வதோடு நில்லாமல் காட்டவும் செய்யலாம். மர அறுவைப் பட்டறைக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்று, வேம்பு அல்லது தேக்கின் குறுக்குவெட்டையும் தென்னையின் குறுக்குவெட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கச் செய்யுங்கள். தேக்கின் நடுவில் கருத்து இறுகிய வைரமும் அதைச் சுற்றி வளையங்களும் இருக்கும். தென்னையில் வளையமே இராது. புள்ளிபுள்ளியாகச் சிதறிய நார்க்கற்றைகள் விளிம்பருகே நெருங்கியும் நடுவில் தளர்ந்தும் காணப்படும். பனங்கை எடுப்பவர்கள் வெளிப்புறத்தை வைத்துக்கொண்டு உட்சோற்றைக் கழிப்பது இதனால்தான். தென்னை, பனை, கமுகு, மூங்கில் முதலியவற்றை இன்றைய தாவரவியல் ஒருவித்திலைத் தாவரங்கள் என்கிறது. நெல்லும் கரும்பும் புல்லும் அவற்றோடு அதே பெரும்பிரிவில் நிற்கின்றன. அகக்காழ், அதாவது உள்ளே வைரம், உடையவற்றில் நாம் அன்றாடம் காணும் வேம்பு, மா, புளி போன்றவை இருவித்திலைத் தாவரங்கள்.

ஆயினும் இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட வேண்டாம் என்பது என் கருத்து. தொல்காப்பியம் வைரம் எங்கே பாய்கிறது என்று பார்த்தது. தாவரவியல் விதையிலை, நரம்பு, பூவிதழ் எண்ணிக்கை ஆகியவற்றோடு இன்று மரபணுவையும் பார்க்கிறது. இரு வழிகளும் பல இடங்களில் ஒரே முடிவுக்கு வந்திருப்பதே வியப்புக்குரியது. அந்த வியப்பு போதும், அதற்கு மேல் ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதே மரபியலில் வரும் ஓரறிவு முதல் ஆறறிவு வரையிலான பகுப்பையும் அப்படியே கையாளலாம். புல்லும் மரமும் ஓரறிவு, சிதலும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு என்று அது புலன்களை அளவுகோலாகக் கொண்டது. பெரும்பாலான எறும்புகளுக்குக் கண் உண்டு என்று இன்று அறிந்திருக்கிறோம். அதனால் நூலின் பெருமை குறையவில்லை. ஓர் அளவுகோலைத் தேர்ந்து, அதை எல்லா உயிர்களுக்கும் ஒரே சீராகப் பொருத்திப் பார்த்த முயற்சி என்ற முறையில் அது பிள்ளைகளுக்கு மிக நல்ல பாடம்.

கேள்வி: நான் படித்த காலத்தில் காளானைத் தாவரங்களோடு சேர்த்தே படித்தோம். என் மகளின் புத்தகத்தில் அது தனி உலகமாக இருக்கிறது. எது சரி? (வாசகர், ஈரோடு)

பதில்: மகளின் புத்தகம் சரி. பூஞ்சைகளுக்குத் தனி உலகம் தந்து, உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரிக்கும் முறையை அமெரிக்க அறிஞர் விட்டேக்கர் 1969இல் முன்வைத்தார். காளானில் பச்சையம் இல்லை; மட்கும் பொருளிலிருந்து உணவை உறிஞ்சிக்கொள்கிறது. அதன் செல்சுவரில் இருக்கும் கைட்டின் என்ற பொருள்தான் பூச்சியின் ஓட்டிலும் இருக்கிறது. மரபணு ஆய்வுகளின்படி பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு. கடையில் வாங்கிய சிப்பிக் காளானின் செதில் பக்கம் கீழே இருக்குமாறு கருப்புத் தாளில் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடி மறுநாள் எடுத்துப் பாருங்கள். செதில்களின் வரிகள் அப்படியே வித்துத்தூளால் தாளில் பதிந்திருக்கும். பூவும் விதையும் இல்லாமல் அது எப்படிப் பெருகுகிறது என்பதற்கு அந்தத் தாளே விடை. வெளியில் முளைத்த காளான்களைத் தொட வேண்டாம்.

கேள்வி: தாவரக் குடும்பங்களை நடுநிலை வகுப்பிலேயே சொல்லித்தரலாமா, அல்லது அது பெரிய வகுப்புக்கு உரியதா? (ஆசிரியை, திருநெல்வேலி)

பதில்: இலத்தீன் பெயர்களை விட்டுவிட்டுச் சொல்லித்தரலாம். செம்பருத்தியில் தொடங்குங்கள், அடுக்குச் செம்பருத்தியை விடுத்து, ஐந்து இதழ் மட்டும் உள்ள ஒற்றைப் பூவையே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அடுக்குப் பூவில் மகரந்தத்தாள்கள் பலவும் இதழ்களாக மாறியிருக்கும். ஒற்றைப் பூவின் நடுவில் நீண்டு நிற்பது ஒரு குழல். மகரந்தத்தாள்களின் காம்புகள் ஒட்டி உருவான அந்தக் குழலைப் பிளேடால் மெல்லக் கீறினால், உள்ளே நூல்போன்ற சூல்தண்டு ஓடுவதும், அது நுனியில் ஐந்தாகப் பிரிந்து வெளியே வருவதும் தெரியும். கீறும் வேலையைத் தாங்கள் செய்யுங்கள். அடுத்து வெண்டைப் பூ, பருத்திப் பூ, பூவரசம்பூ மூன்றையும் கொடுத்து அதே குழலைத் தேடச் சொல்லுங்கள். ஒன்று செடி, ஒன்று மரம், ஒன்று காய்க்காக, ஒன்று நூலுக்காக. ஆனால் குழல் எல்லாவற்றிலும் உண்டு.

பயனையும் உருவத்தையும் தாண்டி உறவு ஓடுகிறது என்பதைக் கறிவேப்பிலையைக் கொண்டும் காட்டலாம். கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம் ஆகிய மூன்றின் இலைகளையும் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் ஒளி கசியும் நுண்புள்ளிகள் தெரியும். அவை மணமுள்ள எண்ணெய் நிறைந்த சுரப்பிகள். கசக்கினால் மணப்பதற்குக் காரணமும் அவையே. வேப்பிலையில் அந்தப் புள்ளிகள் இல்லை. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது, வேம்பின் குடும்பம் வேறு.

தோற்றத்தை நம்பக் கூடாத இடத்துக்குச் சவுக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஊசியிலை போலத் தொங்குவதைப் பார்த்துப் பலரும் அதைப் பைன் மரத்தோடு சேர்க்கிறார்கள். அந்த 'ஊசி'யின் இரு முனைகளையும் பிடித்து இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவிலும் பல் போன்ற நுண்செதில்கள் வட்டமாக நிற்கும். செதில்கள்தாம் இலைகள், ஊசி என்பது பசுந்தண்டு. சவுக்கு பூக்கும் தாவரம், பைன் பூப்பதில்லை.

கேள்வி: விதிவிலக்குகளைச் சொன்னால் பிள்ளைகள் குழம்புகிறார்கள். அவற்றைத் தவிர்த்துவிடலாமா? (வாசகி, சேலம்)

பதில்: முதல் வாரத்தில் தவிர்க்கலாம், பிறகு தவிர்க்கக் கூடாது. விதிவிலக்கு வரும்போதுதான் எந்தப் பண்பு ஆழமானது, எது மேலோட்டமானது என்று தெரிகிறது. நம் காடுகளில் வாழும் அழுங்கின் (எறும்புதின்னியின்) முதுகையும் வாலையும் மூடியிருப்பவை செதில்கள். குட்டி ஈன்று பாலூட்டுவதால் அது பாலூட்டி. ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸுக்கு வாத்தின் அலகு போன்ற வாய். 1799இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானபோது, ஒட்டுவேலை செய்த போலி உடலோ என்று ஐயம் எழுந்தது. அது முட்டையிடுகிறது என்பது 1884இல்தான் உறுதிப்பட்டது. அதற்குப் பிறகும் அதைப் பாலூட்டியாகவே வைத்திருக்கிறார்கள். உரோமமும் பாலும் இருப்பதால், குட்டி ஈனுவது பாலூட்டிக்கான கட்டாயப் பண்பு அல்ல என்று விதியைத் திருத்திக்கொண்டார்கள்.

கேள்வி: வகைப்படுத்திப் பழகுவதற்காக வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்து ஊசி குத்தி வைக்கச் சொல்லலாமா? (பெற்றோர், கோயம்புத்தூர்)

பதில்: வேண்டாம். சில வண்ணத்துப்பூச்சிகள் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை என்பது ஒரு காரணம். உயிரோடு பறப்பதைப் பார்த்து வரைவதே இந்த வயதுக்கு மேலான பயிற்சி என்பது அதைவிடப் பெரிய காரணம். விளக்கடியிலும் சன்னல் ஓரத்திலும் தாமாக இறந்து கிடப்பவையே தேவைக்கு மேல் கிடைக்கும். மழை பெய்த மறுநாள் காலையில் வாசலில் ஈசல் இறகுகள் உதிர்ந்து கிடக்கும். அவற்றைப் பிள்ளைகளைக் கொண்டு பொறுக்கச் செய்து, இறந்துபோன சிறகெறும்பு ஒன்றின் இறகுகளோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஈசலின் நான்கு இறகுகளும் ஏறத்தாழ ஒரே நீளம். எறும்பின் முன்னிறகுகள் பின்னிறகுகளைவிடத் தெளிவாக நீளமானவை. எறும்பின் இடை ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியிருக்கும். ஈசலுக்கு இடை ஒடுங்காது, உணர்கொம்பு மணி கோத்தாற்போல் நேராக இருக்கும். ஈசல் என்பது சிறகு முளைத்த கறையான். கறையானுக்கு நெருங்கிய உறவு கரப்பான்பூச்சி, எறும்புக்கு நெருங்கிய உறவு குளவியும் தேனீயும். இதைத் தாங்களாகச் சொல்லும் முன், எறும்பின் இடையை எந்தப் பூச்சியிடம் முன்பே பார்த்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுவிடுங்கள்.